தேயிலை மலையில் ‘தா’ என்னும் சொல்

ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் உண்டென்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துக் காட்டியுள்ளார். தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கையில் ‘ஈ’ என்பான். ஒப்போன் ஒப்போனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் ‘கொடு’ என்பான். இந்நூற்பாக்களை ஆண்டுதோறும் வகுப்பறையில் நடத்துகின்றோம். தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கேட்டுவிட்டு மறந்தும் போகின்றோம். அவற்றை எனக்கு மீண்டும் நினைவூட்டியது எம் துறையின் இலக்கிய மன்றத்தில் நடைபெற்ற ஒரு பட்டிமன்றம்.

பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்து எழும் இயக்கங்கள் திட்டவட்டமான கோரிக்கைகளை முன்வைக்க வேண்டுமா, வேண்டாவா என்பது தலைப்பு. வேண்டா என்று வாதிட்ட அணியினர் நியூயார்க் நகரத்தை மேடைக்குக் கொண்டுவந்தனர். 2011 செப்டம்பர் 17 அன்று வால் தெரு அருகே சுக்கோட்டி பூங்காவில் மக்கள் கூடாரமிட்டு அமர்ந்தார்கள். நாங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் என்றார்கள். இன்னது வேண்டும் என்று ஒரு பட்டியலை எவரிடமும் கொடுக்கவில்லை. கோரிக்கை வைத்தால் எதிரே இருப்பவனின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகும். ஒரு தொகையைச் சொன்னால் பேரம் தொடங்கும். பேரம் முடிந்தால் கூட்டம் கலையும். இதுவே அம்மாணவர்களின் வாதம். அவை கைதட்டியது. நடுவராக அமர்ந்திருந்த நான் தீர்ப்பை ஒத்திவைத்தேன். அவ்வாறு செய்ததற்கு எனக்கே உரிய ஒரு காரணம் இருந்தது. நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவன்.

என் தந்தையாருக்குக் குன்னூர்க் கடைவீதியில் சிறியதொரு மளிகைக் கடை. சுற்றுப்புறத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அவர் பற்றெழுதிச் சரக்குக் கொடுப்பார். சம்பள நாளன்று கணக்குத் தீர்ப்பார். மாத இறுதியில், கையில் காசில்லாத நாள்களில் வருவோருள் இருவகையினர் உண்டு. “ஏதாவது பார்த்துப் போடுங்க பாய்” என்பார் சிலர். “ரெண்டு படி அரிசி, கால் கிலோ பருப்பு, எழுதிக்குங்க” என்பார் சிலர். முதல் வகையினருக்குத் தந்தையார் கொடுப்பது அன்றைய அவருடைய மனநிலையைப் பொறுத்தது. இரண்டாம் வகையினருக்கு அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தே ஆகவேண்டும்; இல்லையென்று சொல்வதானால் காரணமும் சொல்ல வேண்டும். இருவரும் ஒரே லைன் வீட்டிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். ஒரே பசியோடு வந்தவர்களாகவும் இருக்கலாம். ஆயினும் முன்னவர் சொன்னது ‘ஈ’. பின்னவர் சொன்னது ‘தா’.

நம் சமுதாயப் பெரியோர்களுக்கு இவ்வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. உரிய அளவை எட்டிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்று ஜகாத்துக்கு அளவு குறிக்கப்பட்டிருக்கின்றது. சதகாவுக்கு அளவு இல்லை. கொடுத்தே தீரவேண்டியதற்கு அளவு உண்டு. விரும்பிக் கொடுப்பது விரும்பியவரின் அளவு.

இனி மலைக்கு வருவோம். நீலகிரிக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், மூணாற்றில் 2015 செப்டம்பரில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சாலையை மறித்து அமர்ந்தனர். நிறுவனம் அவ்வாண்டு 10 விழுக்காடு போனஸ் என்று அறிவித்திருந்தது. பெண்கள் கேட்டது 20 விழுக்காடு. 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்க வேண்டும் என்றும் கேட்டனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் அருகில் விடவில்லை. ‘பெண்கள் ஒருமை’ என்று பொருள்படும் ‘பொம்பிளை ஒருமை’ என்னும் பெயர் அப்போது தோன்றியது. ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 20 விழுக்காடு கிடைத்தது. கோரிக்கை எண்ணாக இருந்ததனால்தான் வெற்றியை எண்ணிப் பார்க்க முடிந்தது. எங்கள் துயரத்தைப் பாருங்கள் என்று மட்டும் அவர்கள் சொல்லியிருந்தால் அமைச்சர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஆயினும் அந்த 20 எப்படிக் கொடுக்கப்பட்டது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. 8.33 விழுக்காடு போனஸ், எஞ்சிய 11.67 விழுக்காடு கருணைத்தொகை. 8.33 என்பது சட்டம் விதித்த குறைந்த அளவு. அதற்கு மேற்பட்டதெல்லாம் நிறுவனத்தின் கருணையால் வந்ததாகக் கணக்கில் ஏறியது. பெண்கள் சாலையில் அமர்ந்து ‘தா’ என்றனர். ஒப்பந்தத்தை எழுதியவர் அதனை ‘ஈ’ என்று திருத்திக்கொண்டார். ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கூலியின் கதையும் இவ்வாறே. அக்டோபரில் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்ட 500 கிடைக்கவில்லை. அது பேரத்தின் இயல்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே உடன்பாட்டில், ஒரு நாளில் எடுத்தாக வேண்டிய கொழுந்தின் அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக ஏற்றப்பட்டது. ரூபாயைக் கேட்டவர்களுக்கு ரூபாய் வந்தது. கூடையின் எடை அவர்கள் பட்டியலில் இல்லை. ஆகவே அது மறுதரப்பின் கைக்குப் போயிற்று.

இலங்கை மலையகத்தில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அது நீலகிரிக்கு அயலான கதையன்று. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாறு தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்கவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டுப் பின்னர் டேன்டீ என்னும் கழகமாயிற்று. கோத்தகிரியிலும் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளிலும் இன்று கொழுந்தெடுக்கும் குடும்பங்கள் பலவற்றின் உறவினர் அட்டனிலும் பதுளையிலும் இருக்கின்றனர்.

அங்கே நாட்கூலி 1,000 ரூபாய் என்பது பல்லாண்டுகள் ஒலித்த ஒற்றைக் கோரிக்கை. 2018 அக்டோபரில் மலையக இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் அதற்காகத் திரண்டனர். 2019இல் அடிப்படைக் கூலி 700 ஆயிற்று. 2021 மார்ச்சில் அரசிதழ் வாயிலாக 900 கூலியும் 100 படியுமாக ஆயிரம் வந்தது. வந்ததும் பல தோட்டங்களில் கொழுந்தின் எடை 20 கிலோவாக ஏறியது; எட்டாதவருக்கு அரைப்பேர். மறு ஆண்டே இலங்கை ரூபாய் சரிந்தது. டாலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது 2022இன் நடுவில் 360ஐ ஒட்டி நின்றது. பல்லாண்டுகள் போராடிப் பெற்ற ஆயிரம், சில திங்களில் அரிசிக் கடையில் பாதியாயிற்று. அவ்வாண்டு ஜூலையில், பதவி விலகு என்ற ஒற்றைக் கோரிக்கையோடு திரண்ட பெருங்கூட்டத்தின்முன் குடியரசுத் தலைவர் நாட்டைவிட்டே வெளியேறினார். அதனினும் திட்டவட்டமான கோரிக்கை வேறில்லை. அதனினும் முழுமையான வெற்றியும் வேறில்லை. லயத்து வீடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

இவற்றைக் காட்டி, பார்த்தீர்களா, கோரிக்கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அந்த அணியினர் என்னை மடக்கலாம். நான் அதற்கு உடன்படேன். எண்ணைக் கேட்டது பிழையன்று. எண்ணோடு நிறுத்தியதே குறை. நியூயார்க் பூங்காவினர் உலகின் பேச்சுக்கு ஒரு புதிய சொல்லைத் தந்தனர் என்பதை மறுக்கவில்லை. நவம்பர் 15 அன்று காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அன்று எந்த வாக்குறுதி மீறப்பட்டது என்று சுட்டிக்காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை. படித்தவர்கள் இரண்டு திங்கள் கூடாரமிட்டுக் கலைந்து போகலாம். மறுநாட்காலை அவர்களுக்கு வேறு வேலை இருக்கும். நாட்கூலிக்காரர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கணக்கு என் தந்தையாரின் நோட்டில் ஏறும். அவருக்குக் கோரிக்கையற்ற போராட்டம் ஓர் ஆடம்பரம். கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். அளவு சிறிதாயிருந்தும் நிலக்கிழார்கள் அதனை ஏன் அவ்வளவு பெரிதாக எண்ணினர்? கூலிக்காரன் அளவு சொல்லிக் கேட்கத் தொடங்கியதே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது.

எண்ணால் சொல்ல முடியாத கோரிக்கைகளும் உண்டு என்பது மெய். 1988 டிசம்பர் 5 அன்று கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர், இருளர் ஆகிய ஆதிவாசி மக்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் பேரணி நடத்தினர். அவர்கள் கேட்டது ரூபாய் அன்று. தாம் வாழ்ந்துவந்த நிலத்தின்மீது உரிமை. அதற்கு விலை எழுத முடியாது. எனினும் அதுவும் திட்டவட்டமான கோரிக்கையே: எந்த நிலம், யாருடைய நிலம், யார் தரவேண்டியது என்பன தெளிவாக இருந்தன. வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது. அதற்குள் தேயிலையும் காப்பியும் நெடுந்தூரம் பரவிவிட்டன.

நீலகிரியின் சிறு தேயிலை விவசாயிகளிடம் வரும்போதுதான் என் வாதத்தின் மறுபாதி தெளிவாகின்றது. இவர்கள் கூலிக்காரர் அல்லர். ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ உடையவர்கள், பெரும்பாலும் படுகர். 1990களின் இறுதியில் பசுந்தேயிலை விலை சரிந்து, தங்கை திருமணமும் தம்பி படிப்பும் நின்றுபோன வீடுகளை நான் அறிவேன். மானியமும் வந்து போயிற்று. இன்று இவர்களுடைய இலைக்கான விலையை, ஏலத்தில் தேயிலைத்தூள் விற்ற விலையின் சராசரியைக் கொண்டு தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கின்றது. செடிக்கு உரமிட்டவர் என்ன செலவிட்டார் என்பதை அந்தச் சராசரி அறியாது.

2023 செப்டம்பரில் கோத்தகிரி வட்டாரத்தில் இவ்விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தபோது கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. இந்த ஐம்பது காசுதான் என்னைக் கவர்ந்தது. வாய்க்கு வந்த தொகையைச் சொல்பவர் 35 என்பார், 40 என்பார். 33.50 என்பவர் கணக்குப் போட்டிருக்கின்றார். உற்பத்திச் செலவும் அதில் பாதியும் என்னும் கணக்கில் பிறந்த தொகை அது. ஆகவே அவர்கள் கேட்டது விலையை மட்டுமன்று. விலையை அளக்கும் கோலை ஏலக் கூடத்திலிருந்து எடுத்து என் தோட்டத்தில் ஊன்று என்று கேட்டார்கள். தொகையை மறுப்பவர் அக்கணக்கையும் மறுத்துக் காட்ட வேண்டியவராகின்றார். மூணாற்றிலும் மலையகத்திலும் விடுபட்டது இதுவே.

இதிலும் ஒரு குறை உண்டு. மாலையில் கொழுந்தை எடை போடும் கொட்டகைக்குச் சிறுவனாக நான் தந்தையாரோடு போயிருக்கின்றேன். மழை நாளில் ஈரத்துக்கென்று மூட்டைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார்கள். மழை நின்ற பிறகும் கழிவு நிற்காது. முதியவர் ஒருவர், இன்று வெயில்தானே என்று கேட்டார். எடை எழுதியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீடு திரும்புகையில் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து கடைத் தராசின் முள் வாங்குபவர் பக்கம் தெரியும்படி அதனைத் திருப்பி வைத்தார். 33.50 கிடைத்தாலும் நூறு கிலோவை எண்பத்தைந்து என்று எழுதினால் விலை எங்கே போயிற்று?

டேன்டீத் தொழிலாளருக்கு 2022இல் நாட்கூலி 345 ரூபாயிலிருந்து 438 ஆக உயர்ந்தது. மகிழத்தக்கதே. அதே ஆண்டில்தான் கழகத்தின் வசமிருந்த 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பியளிக்கும் ஆணையும் வந்தது. கூலியை உயர்த்து என்ற கோரிக்கைக்குக் கூலி உயர்ந்தது. தேயிலை குறைந்தால் வேலை எத்தனை நாளைக்கு, ஓய்வுபெற்றபின் லைன் வீடு யாருக்கு என்ற அச்சம் தனியே எழுந்து, தனியே போராட வேண்டியதாயிற்று.

ஒத்திவைத்த தீர்ப்பை இம்மலரில் வழங்கிவிடுகின்றேன். திட்டவட்டமான கோரிக்கை வேண்டும் என்ற அணி வென்றது. ஆனால் அவர்களுக்கு உரிய மதிப்பெண்ணில் ஐந்தைக் குறைக்கின்றேன். அரை மணி நேரம் பேசியும் எடை போடுபவரைப் பற்றி அவர்களுள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.