கடலுக்கடியில் ஃப்ளாஷ்: ஆட்டோவா, மேனுவலா?

தண்ணிக்கு அடியில் படம் எடுக்கிற ரெண்டு பேரை ஒரே படகில் உட்கார வெச்சா, டைவ் முடிஞ்சு டீ வர்றதுக்குள்ள ஒரு சண்டை நிச்சயம். கேனானா நிக்கானா என்பது பழைய சண்டை, இப்ப சோனியும் சேர்ந்தாச்சு. அதைவிடச் சூடானது இன்னொண்ணு: ஃப்ளாஷை ஆட்டோவில், அதாவது டி.டி.எல்.லில் போடணுமா, மேனுவலில் போடணுமா? நான் மேனுவல் கட்சி. கட்சி மாறுற உத்தேசமில்லை. ஆனா ஒன்றிரண்டு தொகுதிகளை டி.டி.எல்.லுக்கு விட்டுக்கொடுக்கத் தயார். அதைக் கடைசியில் சொல்றேன்.

டி.டி.எல். என்ன செய்யுது? ஷட்டர் திறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒரு குட்டி ஃப்ளாஷ் அடிக்கும். திரும்பி வர்ற வெளிச்சத்தை லென்ஸ் வழியா அளக்கும். அதை வெச்சு, பெரிய ஃப்ளாஷ் எவ்வளவு எரியணும்னு கேமராவே முடிவு பண்ணிடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. கல்யாண வீட்டில் படம் எடுக்கிறவரை நினைச்சுப் பாருங்க. மணமக்கள் ரெண்டு மீட்டரில் நிக்கிறாங்க, அடுத்த நொடி எட்டு மீட்டர் தள்ளி மாமனார் யாரையோ வரவேற்கிறார். தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் நாலில் ஒரு பங்காயிடும். அந்தக் கணக்கை மனசில் போட்டு முடிக்கிறதுக்குள்ள தாலி கட்டியே முடிச்சிருப்பாங்க. அவருக்கு டி.டி.எல். தெய்வம், மறுக்கலை.

கடலுக்குள்ள கதை வேற. தண்ணி முதலில் விழுங்குறது சிவப்பு நிறத்தை. அஞ்சு மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் காலி. இருபது மீட்டரில் கையில் கீறல் பட்டா ரத்தம் பச்சையாத் தெரியும் (பயந்துடாதீங்க, மேல வந்தா சிவப்பாயிடும் :-)). அந்தச் சிவப்பைத் திரும்பக் கொண்டு வரத்தான் ஃப்ளாஷ். ஆனா ஃப்ளாஷ் வெளிச்சமும் அதே தண்ணிக்குள்ளதான் போய்த் திரும்பணும். மீன் ஒரு மீட்டர் தள்ளி இருந்தா, போக ஒண்ணு வர ஒண்ணுன்னு ரெண்டு மீட்டர் தண்ணியைத் தாண்டணும். எவ்வளவு விலை போட்டு வாங்கின ஸ்ட்ரோபா இருந்தாலும் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நிறம் பேருக்குத்தான் வரும்.

என் வாதமே இதுதான். கடலில் தூரம்கிறது உங்க கையில் இல்லை, தண்ணி ஏற்கெனவே தீர்மானிச்சிடுச்சு. மேக்ரோன்னா ஒரு சாண், ரெண்டு சாண். வைட் ஆங்கிள்னா ஒரு முழம், மிஞ்சிப் போனா ரெண்டு முழம். அதைத் தாண்டி எடுத்தா படம் தேறாது. அப்போ, மாறாத தூரத்துக்கு மாறிக்கிட்டே இருக்கிற ஃப்ளாஷ் எதுக்கு? நூறு மி.மீ. மேக்ரோ லென்ஸில் ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/200, எஃப் 16, ஸ்ட்ரோப் கால்வாசி பவர்னு ஒரு கணக்கை உங்க ஸ்ட்ரோபுக்கு ஏத்த மாதிரி ஒரு தடவை சரிபண்ணி வெச்சுக்கிட்டா, முழு டைவுக்கும் அதைச் சுத்தித்தான் ஒரு படி மேல, ஒரு படி கீழ.

இன்னொண்ணு, டி.டி.எல்.லை ஏமாத்துறது கடலுக்கு ரொம்ப சுலபம். சீலா மீன் கூட்டம் வெள்ளித் தகடு மாதிரி வருது. பளீர்னு வெளிச்சம் திரும்பி வந்ததும் கேமரா "போதும் போதும்"னு நிறுத்திடும், மீன் சாம்பல் நிறத்தில் விழும். இந்தோனேசியாவில் லெம்பே ஜலசந்தி இருக்கே, அங்கே தரை முழுக்க எரிமலைக் கறுப்பு மணல். அதில் கறுப்பு ஃப்ராக்ஃபிஷ் உட்கார்ந்திருந்தா வெளிச்சமே திரும்பாது. கேமரா கலவரப்பட்டு இருக்கிற பவரையெல்லாம் கொட்டும். கரி நிறத்து மீன் வெளுத்து நிக்கும். வைட் ஆங்கிள் இன்னும் மோசம். ஓரத்தில் ஒரு விசிறிப் பவளம், மிச்சமெல்லாம் நீலத் தண்ணி. தண்ணியிலிருந்து எதுவும் திரும்பி வராததால் முழு பவர் அடிச்சு, பவளம் சுண்ணாம்பு பூசின சுவர் ஆயிடும்.

காம்பன்சேஷன் வெச்சுக்கலாமேன்னு எதிர்க்கட்சி சொல்லும். வெச்சுக்கலாம்தான். ஆனா அந்தத் திருகைத் திருகத் தெரிஞ்சவருக்கு ஸ்ட்ரோபின் திருகைத் திருகத் தெரியாதா என்ன? அதோட, டி.டி.எல். தப்பு பண்ணினா படத்துக்குப் படம் வேற வேற தப்பு. மேனுவலில் தப்பு இருந்தா எல்லாப் படத்திலும் ஒரே தப்பு, ஒரே திருப்பில் சரி. வைட் ஆங்கிளில் இன்னொரு சுகமும் உண்டு. ஃப்ளாஷ் எரிவது சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான், அதனால் ஷட்டர் வேகம் அதைத் தொடாது. ஷட்டரை மாத்தினா பின்னால் இருக்கிற நீலம் மட்டும் கருக்கும், வெளுக்கும். முன்னால் இருக்கிற பவளம் அப்படியே இருக்கும். இது பிடிபட்டுட்டா அப்புறம் ஆட்டோ பக்கம் மனசு போகாது.

ஃபிலிம் காலத்தில் டி.டி.எல். வரம்தான். 1984-ல் வந்த நிக்கோனாஸ் 5, ஃபிலிம் மேல பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷை நிறுத்தும். மொத்தம் 36 படம், கழுவிப் பார்க்கிற வரைக்கும் என்ன வந்திருக்குன்னு தெரியாது. அந்தக் குருட்டுக்கு அது கைத்தடி. இப்போ பின்னாடியே திரை இருக்கு, அடுத்த நொடியே தெரியுது. அதுக்கப்புறமும் ஒரு கன்வெர்ட்டரோ சர்க்யூட் போர்டோ வாங்கி ஹவுசிங்குக்குள்ள மாட்டி, கேமரா மாத்தினா அது ஒத்துவருமான்னு தேடி... அந்தக் காசுக்கு அந்தமானில் நாலஞ்சு டைவ் போகலாமே.

எதிர்க்கட்சி சொல்றதில் எனக்கு உறைக்கிறது ஒண்ணே ஒண்ணு. "நீங்க சோதனைக்குன்னு பத்துத் தடவை பளிச் பளிச்னு அடிக்கிறீங்க, அந்தக் கடல்குதிரை என்ன பாவம் பண்ணுச்சு?" நியாயமான கேள்வி. 2019-ல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு, கடல்குதிரை மாதிரி அடித்தளத்து மீன்களை வெச்சே இதைப் பார்த்தது. ஃப்ளாஷைவிட, படத்துக்காக மீனைத் தொட்டு நகர்த்துறதுதான் அதைக் கூடுதலாப் பாதிக்குதுன்னு சொன்னது. அதுக்காக ஃப்ளாஷ் அடிச்சுக்கிட்டே இருக்கலாம்னு அர்த்தமில்லை. கடல்குதிரைக்கு இமை கிடையாது, மூடிக்க முடியாது. நான் செய்றது இது: கடல்குதிரையைப் பார்த்ததும் கிட்டப் போகாம, மூணு மீட்டர் தள்ளியே நின்னு, அதே தூரத்தில் என் இடது கையைப் பிடிச்சு ரெண்டு படம் எடுப்பேன். கை சரியா வந்தா போதும். அப்புறம் மெதுவா நெருங்கி ரெண்டே ரெண்டு கிளிக், கிளம்பிடுவேன். டி.டி.எல்.லில் ஒவ்வொரு படத்துக்கும் முன்ஃப்ளாஷ் ஒண்ணு சேர்ந்தே அடிக்கும் என்பதையும் எதிர்க்கட்சி கணக்கில் சேர்த்துக்கட்டும்.

தண்ணியில் மிதக்கிற தூசி வெள்ளைப் புள்ளியா விழுறதுக்கு டி.டி.எல்.லும் மருந்தில்லை, மேனுவலும் மருந்தில்லை. ஸ்ட்ரோப் கைகளை அகல விரிச்சு வைக்கிறதுதான் வழி. இதை ஏன் இந்தச் சண்டைக்குள்ள இழுக்கிறாங்கன்னு எனக்குப் புரிஞ்சதே இல்லை.

சரி, விட்டுக்கொடுக்கிறேன்னு சொன்ன தொகுதிகள். ராத்திரி நடுக்கடலில் கயிறைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு, மிதந்து வர்ற குஞ்சு மீன்களை எடுக்கிற டைவ். அது ஒரு விநாடி சாண் தூரத்தில், அடுத்த விநாடி முழத்தில். அங்கே தூரம் நிஜமாவே மாறுது, டி.டி.எல். ஜெயிக்கும். ரெண்டாவது, ஒலிம்பஸ் டி.ஜி. வகை சின்ன கேமராக்கள். அதில் முழு மேனுவல் எக்ஸ்போஷரே கிடையாது. ஃபைபர் கேபிளை மாட்டி டி.டி.எல்.லில் விட்டுட்டு, மீன் ஃப்ரேமை நிறைக்கிற மாதிரி கிட்டப் போய் எடுங்க, அருமையா வரும்.

சின்ன கேமராவோட ஸ்ட்ரோபை மேனுவலில் வைக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். கேமரா முன்ஃப்ளாஷ் அடிக்கும்போதே ஸ்ட்ரோப் ஏமாந்து எரிஞ்சுட்டா, நிஜப் படத்துக்கு வெளிச்சமே மிஞ்சாது, படம் கறுப்பா வரும். முதல் ஃப்ளாஷைக் கண்டுக்காம விடுறதுக்கு நிறைய ஸ்ட்ரோப்களில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது எங்கே இருக்குன்னு படகில் ஏறுறதுக்கு முன்னாடி, வீட்டு வாளித் தண்ணியிலேயே பார்த்து வெச்சுக்கோங்க.