தமிழ் வாத்தியாரும் மருத்துவமனைத் தாளும்

சென்ற மார்கழியில் ஒரு நள்ளிரவு, இரண்டே முக்கால் வயதான என் மகள் தூக்கத்தில் திடீரென விறைத்தாள். மாலையில் உடம்பு இலேசாகச் சுட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கண்கள் மேலே செருகின. பற்கள் கிட்டின. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதடு நீலம் பாய்ந்தது. குழந்தை எங்கள் கண்முன்னே இறந்துகொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். என் மாமியார் ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் திணித்தார். முதுகலைத் தமிழ் படித்து, பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்தும் நான் அதைவிட மோசமான காரியத்தைச் செய்தேன். நாக்கைக் கடித்துக்கொள்வாளோ என்று பயந்து, கிட்டிய பற்களுக்கிடையே ஒரு கரண்டிக் காம்பை நுழைக்கப் பார்த்தேன். ஈறு கிழிந்து இரத்தம் வந்தது.

ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் இழுப்பு நின்று, குழந்தை துவண்டு தூங்கிவிட்டாள். அந்தத் தூக்கம் இழுப்பைக் காட்டிலும் பயமூட்டியது. மருத்துவர்கள் விரைந்து வந்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. இக்கட்டுரை அவர்களுடைய திறமையைப் பற்றியதன்று. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் 'மெனிஞ்சைட்டிஸ்', 'ரூல் அவுட்' என்ற இரு சொற்கள் என் காதில் விழுந்தன. மூளைச் சவ்வு அழற்சி இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதே அவர்கள் பேசியதன் பொருள். அது வந்துவிட்டது என்றே நான் புரிந்துகொண்டேன். சற்று நேரத்தில் ஒரு தாள் என் முன் நீட்டப்பட்டது. முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க ஒப்புதல் கேட்கும் ஆங்கிலத் தாள். "என்னங்க எழுதியிருக்கு?" என்றாள் மனைவி. "ஏதோ டெஸ்ட்டாம்" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன். மாணவர்களிடம் ஒரு சொல்லைக்கூடப் பொருள் தெரியாமல் கடந்து போகாதே என்று கண்டிக்கிறவன் நான்.

சோதனை முடிவுகள் வந்தன. "எல்லாம் நார்மல்" என்றார்கள். எல்லாம் நார்மல் என்றால் என் குழந்தை ஏன் விறைத்தாள்? இந்தக் கேள்விக்கு யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரண்டரைப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கிளம்பும் நேரத்தில் பக்கத்துக் கட்டிலுக்காரப் பெண் வந்தார். பூக்கட்டி விற்பவர். அவருடைய ஒரு வயது மகனும் காய்ச்சலோடு சேர்க்கப்பட்டவன்தான். கையில் தாள், இன்னொரு கையில் இரண்டு மருந்துப் புட்டிகள். "சார், நீங்க வாத்தியார்னு அக்கா சொன்னாங்க. புள்ளைக்கு என்னன்னு இதுல எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. இந்த ரெண்டு மருந்தும் ஒண்ணுதானா?" என்றார். எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்குத் தெரிந்தது, பொருள் தெரியவில்லை. பாதிச் சொற்கள் சுருக்கெழுத்துகள். "சரியாயிடுச்சுன்னு போட்டிருக்கும்மா. மருந்தை நர்ஸ்கிட்ட கேட்டுக்குங்க" என்றேன். முதல் வாக்கியம் பொய். இரண்டாவது, தப்பித்துக்கொள்வதற்காகச் சொன்னது.

அந்தப் புட்டிகளின் கணக்கை இன்று நான் அறிவேன். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் துளி மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம்தான். பெயர் ஒன்று, நிறமும் மணமும் ஏறக்குறைய ஒன்று. சிரப் என்று நினைத்துத் துளி மருந்தை 5 மில்லி கொடுத்தால் ஒரே வேளையில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அளவு மிஞ்சினால் அந்த மருந்து ஈரலைக் கெடுக்கும். அந்தப் பெண் கேட்டது எவ்வளவு கூர்மையான கேள்வி! அதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பினேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஒரு வாரம் கழித்து, செவிலியராக இருக்கும் சக ஆசிரியரின் மகள் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினாள். என் மகளுக்கு வந்தது காய்ச்சல் வலிப்பு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள், நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சாதாரணக் காய்ச்சல் வலிப்பால் மூளைக்குச் சேதம் இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு மறுபடியும் வரலாம். வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. கை கால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் முறை வந்தால் எத்தனை சீக்கிரம் நின்றாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

அவள் சொன்னது அவ்வளவுதான். அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். இதில் எந்தச் சொல்லைத் தமிழில் சொல்ல முடியவில்லை?

மருத்துவர் சொல்லாமல் விட்டதை அந்த ஒரு வாரத்தில் மற்றவர்கள் சொல்லித் தீர்த்தார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். பயந்த கோளாறு, மந்திரித்துக் கயிறு கட்டுங்கள் என்றார் இன்னொருவர். உறவினர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "பொம்பளப் புள்ள, வலிப்புன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்றார். இரண்டே முக்கால் வயதில் என் மகளின் கல்யாணம் குறித்த கவலை தொடங்கிவிட்டது. மாமியாரின் சாவிக்கொத்தைப் பார்த்து நம் பகுத்தறிவு நண்பர்கள் சிரிக்கலாம். அந்தச் சாவி குழந்தையைக் காயப்படுத்தவில்லை. என் கரண்டிதான் காயப்படுத்தியது. படித்தவனுக்கும் படிக்காதவருக்கும் ஒரே அளவு இருட்டு. அந்த இருட்டில் இருப்பவரைக் கேலி செய்வதைவிட, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஏற்றாதவரைக் கேள்வி கேட்பதே நியாயம்.

கேட்டால் மூன்று பதில்கள் வரும். முதலாவது, மருத்துவர்களுக்கு நேரமில்லை. ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அச்சிட்ட தாள் கேட்கிறேன். ஒருமுறை எழுதினால் ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். இரண்டாவது, அடுத்த மருத்துவர் படிக்க ஆங்கிலம் வேண்டும். தாராளமாக இருக்கட்டும். அது மருத்துவருக்கு மருத்துவர் எழுதும் கடிதம். பெற்றவளுக்கு எழுதிய கடிதம் எங்கே? 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், நோயின் விவரங்களை நோயாளிக்குத் தெரிந்த மொழியில், அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 2008இல், சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிகிச்சையின் தன்மை, பயன், அபாயம், மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்து தரும் ஒப்புதலே ஒப்புதல் என்று கூறிவிட்டது. அந்த அளவுகோலின்படி நான் அன்றிரவு போட்டது கையெழுத்தே ஒழிய ஒப்புதல் ஆகாது.

மூன்றாவது பதில்தான் என்னைச் சினங்கொள்ளச் செய்வது: தமிழில் சொல் இல்லை என்பது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மானிப்பாயில் இருந்துகொண்டு, 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று அறுவை மருத்துவமும் உடற்கூறும் தமிழ் நூல்களாக வெளிவந்தன. ஊர்மக்களோடு தங்கி, அவர்கள் மொழியில் பேசும் மருத்துவர்கள் வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்னிய நாட்டிலிருந்து வந்தவருக்குக் கிடைத்த சொற்கள், தமிழ் பேசும் தாய்க்குப் பிறந்து தமிழ் பேசும் ஊரில் தொழில் செய்பவருக்குக் கிடைக்கவில்லையாம். அதுகூட வேண்டாம். இழுப்பு, வலிப்பு, ஜன்னி, காய்ச்சல், மூச்சுத்திணறல் என்று வாய்நிறையச் சொற்களோடுதான் ஒவ்வொரு தாயும் மருத்துவமனைக்குள் நுழைகிறாள். வெளியே வரும்போதுதான் அவளிடம் சொல் இல்லை.

இனி என் சொந்த வீட்டுக்கு வருகிறேன். இந்தப் பழியில் பெரும்பங்கு எங்களைச் சேரும். தமிழ் படித்துத் தமிழால் சம்பளம் வாங்குகிற எங்களை. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளில் நானும் கட்டுரை வாசித்திருக்கிறேன். ஒரு மருத்துவச் சொல்லுக்கு மூன்று தமிழாக்கங்கள் செய்து, எது தூய்மையானது என்று மாலைவரை சண்டையிட்டிருக்கிறேன். அந்த அரங்குகளில் ஒரு தாயை நான் பார்த்ததில்லை. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் இல்லை என்றால் கொதிக்கிறோம்; குழந்தைக்கு எத்தனை மில்லி கொடுப்பது என்பது தமிழில் இல்லாதது நம் கண்ணில் படுவதில்லை. நவீன இலக்கிய நண்பர்களும் விலக்கல்ல. நம் கதைகளில் மருத்துவமனை வரும். பினாயில் வாடை வரும். ஜன்னலுக்கு வெளியே ஒரு காகம் வரும். மரணத்தைப் பற்றிய ஒரு தத்துவம் வரும். கையிலிருக்கும் தாளைப் படிக்கத் தெரியாமல் நிற்பவரின் அவமானம் அபூர்வமாகவே வருகிறது.

என் வேண்டுகோள் சிறியது. குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் நோய்களுக்கு, நோய்க்கு அரைப் பக்கம் வீதம் தமிழ்த்தாள் வேண்டும். என்ன வந்தது, மறுபடி வருமா, வந்தால் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது, எந்த மருந்தில் எத்தனை மில்லி, எப்போது ஓடிவர வேண்டும் என்ற ஆறு கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். உள்ளடக்கம் மருத்துவருடையது, வாக்கியம் நம்முடையது. பூக்கட்டும் பெண்ணிடம் படித்துக்காட்டி, அவருக்குப் புரிந்தால் மட்டுமே அச்சுக்குப் போக வேண்டும். ஒப்புதல் தாள்களும் அவ்வாறே.

நான் தொடங்கிவிட்டேன். அந்தச் செவிலியப் பெண் சொல்லச் சொல்ல எழுதி, குழந்தை மருத்துவர் ஒருவரிடம் திருத்தம் வாங்கிய காய்ச்சல் வலிப்புத் தாள் என் மேசையில் இருக்கிறது. முதல் வரைவில் 'உட்செலுத்துதல்' என்று எழுதியிருந்தேன். "சார், வாயில எதையும் வைக்காதீங்கன்னு எழுதுங்க" என்று அவள்தான் திருத்தினாள்.