தெருப்பெயர் மாறினால் வரலாறு அழியுமா?

"பழைய தெருப்பெயர்களை மாற்றியதால் வரலாறே போயிற்று" என்று புலம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. பெற்றோர் சந்திப்பிலும் கேட்டேன். எனக்கு உடன்பாடில்லை.

நம் சூலியா தெருவின் முந்தைய பெயர் என்ன தெரியுமா? கிளிங் தெரு! முன்னாளில் அது வெறும் இனப்பெயர். பின்னாளில் நம்மவரை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. இந்தியச் சமூகத்தார் முறையிட்ட பிறகே 1920களின் தொடக்கத்தில் நகராட்சி அதனை மாற்றியது. அந்தப் பெயர்ப்பலகை அப்படியே நின்றிருக்க வேண்டுமென்று எந்தத் தமிழாசிரியர் சொல்வார்? (பினாங்கிலோ பிட் தெருவே மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையாயிற்று. அங்கே அதே சொல் ஒரு தலைவரின் பட்டத்தில் நிற்கிறது. சொல்லின் கதை அவ்வளவு எளிதன்று.)

மாறாக, மெக்கன்சி சாலையைப் பாருங்கள். பெயர் மாறவில்லை. 1905இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியபோது அதன் பணிமனையும் மின்நிலையமும் அங்கேதான் இருந்தன. 1927இல் டிராம் நின்றது. தேக்காவுக்குக் கூப்பிடு தொலைவிலுள்ள அச்சாலையைத் தீபாவளிக் கூட்டத்தில் பிள்ளைகளுடன் எத்தனை முறை கடந்திருப்போம்! ஒரு முறையேனும் டிராமைப் பற்றிச் சொன்னோமா? பெயர் அப்படியே இருந்தும் வரலாறு மறைந்தது எப்படி? நாம் வாய் திறக்காததால்தான். பலகைமீது ஏன் பழி?

அடுத்த வாரம் என் தொடக்கநிலை ஐந்து மாணவரிடம் சூலியா தெருவைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்கவிருக்கிறேன்: பழைய பெயரை வைத்தவர் யார்? மாற்றக் கேட்டவர் யார்?