உப்புக்கு வரி இல்லையாம்

மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பிரம்மதேசத்தின் பெயரே ஒரு வரிவிலக்குதான். பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட பிரமதேய நிலங்கள் பெரும்பாலும் 'இறையிலி'. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னொரு சொல்லும் வரும்: இறைகாவல். நிலத்தை இறையிலி ஆக்க, கொடையாளர் ஒரு தொகையை ஊர்ச்சபையிடம் முன்கூட்டியே கட்டிவிடுவார். பிறகு அதன் வரியைச் சபை பார்த்துக்கொள்ளும். வரி எங்கேயும் போகவில்லை, கண்ணிலிருந்து மறைந்தது, அவ்வளவுதான்.

ஆயிரம் வருஷம் கழித்தும் அதே வித்தைதான் நடக்கிறது. 2017 ஜூலை 1 முதல் உப்புக்கு ஜிஎஸ்டி 0%. "வெள்ளைக்காரன் உப்புக்கே வரி போட்டான், நாங்க போடல" என்று மேடையில் சொல்ல வசதியான எண். வேதாரண்யத்தையும் 1930ஐயும் கூடவே சேர்த்துக்கொள்ளலாம்.

பில் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பூஜ்யம் வேற, காலி வேற. ஜிஎஸ்டியிலும் அப்படித்தான். ஏற்றுமதிக்கு 'ஜீரோ ரேட்டட்' என்று பெயர். அதில் கடைசி விற்பனைக்கும் வரி இல்லை, அதற்கு முன்னால் கட்டிய வரியும் திரும்ப வரும். உள்ளூரில் விற்கும் உப்போ 'நில் ரேட்டட்'. விற்பனைக்கு வரி இல்லை, ஆனால் ஏற்கனவே கட்டியது கட்டியதுதான்.

கணக்குப் போடுவோம். உப்பளத்துக்கு 20,000 ரூபாய் மோட்டார் வாங்கினால் மத்திய அரசுக்கு 9%, மாநில அரசுக்கு 9%, ஆக 3,600 ரூபாய் வரி. அதே மோட்டாரை ஒரு சோப்புக் கம்பெனி வாங்கினால், சோப்பு விற்கும்போது கட்டும் வரியில் இந்த 3,600ஐக் கழித்துக்கொள்ளும். உப்பளக்காரருக்குக் கழிக்க எதுவும் கிடையாது. பிளாஸ்டிக் சாக்குக்கும் இதே கதி. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளேயே வராது, அதற்கு வாட், கலால் எல்லாம் தனி. இத்தனையும் உப்பின் விலையில் கரைகிறது. வியாபாரி விலையை ஏற்றித் தராவிட்டால் உப்பளக்காரரின் கூலியில் கரைகிறது.

ஆக, சீனாவுக்குக் கப்பல் ஏறும் உப்பில் இந்திய ஜிஎஸ்டி கிடையாது. நம்ம குழம்பில் விழும் உப்பில் உண்டு.

அமெரிக்காவில் விலைச்சீட்டில் வரி சேர்ந்திருக்காது. பில் போடும்போதுதான் மாநிலம், கவுண்டி, நகரம் என்று ஒவ்வொன்றாகச் சேரும். அந்த நாட்டில் வரி விதிக்கும் எல்லைகள் 10,000க்கும் மேல். அதைக் கணக்கிடும் மென்பொருள் எழுதுபவனுக்குத் தலைவலிதான். ஆனால் வாங்குபவர் தன் வரியைக் கண்ணால் பார்க்கிறார், திட்டவாவது முடிகிறது. நம் எம்ஆர்பி 'அனைத்து வரிகளும் உட்பட' என்று முடித்துக்கொள்கிறது.

"அப்போ உப்புக்கு 5% போட்டு, கழிவு கொடுக்கலாமே?" என்று கேட்பார்கள். கூடாது. பாத்தி குத்தகைக்கு எடுத்திருக்கும் சிறு உற்பத்தியாளரை கணக்குத் தாக்கல் செய்ய ஆடிட்டர் வாசலில் நிறுத்தும் யோசனை அது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு வரி 12%லிருந்து 5% ஆனது. உழவுக்குக் கொடுத்த அந்தச் சலுகையை உப்பள மோட்டாருக்கும் சாக்குக்கும் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

அதுவும் முடியாதென்றால் பரவாயில்லை, வசூலிக்கட்டும். உப்புக்கு வரி இல்லை என்று மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம்.