செஞ்சியாறும் மீனவர் கரையும்

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ சபையாரால் அங்கீகரிக்கப்பட்டது. மராட்டியர் இராணுவ அரண்கள் என்ற தொகுப்பிலே சேர்க்கப்பட்ட பன்னிரண்டு கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றே. இக்கௌரவத்தைப் பற்றி நாமும் மகிழ்கிறோம். கோட்டையைப் பற்றிப் பேசியவர்களும் எழுதியவர்களும் அநேகர். அதற்கு அருகே ஓடும் ஆற்றையும், அந்த ஆறு போய்ச் சேரும் கடற்கரையையும் நினைத்தவர்கள் சிலரே. அக்கரையில் வலை வீசிப் பிழைக்கும் ஜனங்களின் ஜீவனம் இன்று பெரிய சங்கடத்தில் இருப்பதால், அதைப் பற்றி நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

மலைக்கோட்டைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சரித்திரத்தில் அது நெருங்கிய சம்பந்தம். 1690-ம் வருஷம் மராட்டிய அரசர் ராஜாராம் செஞ்சியிலிருந்து ஆண்டுவந்தபோதுதான் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியாருக்கு விற்றார். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு எட்டிய தூரம் வரையிலுள்ள ஊர்களெல்லாம் கும்பினிக்குச் சொந்தம் என்பது பேரம். அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்துவிட்டது. செஞ்சியிலே பத்திரம் முடிந்தது. கரையிலே குண்டு விழுந்தது. கரையில் குடியிருந்தவனுடைய சம்மதத்தைக் கேட்கும் வழக்கம் அக்காலத்து அரசர்களுக்கும் இல்லை, வியாபாரிகளுக்கும் இல்லை. இக்காலத்தில் அவ்வழக்கம் உண்டாகிவிட்டதா என்பதே நமது கேள்வி.

செஞ்சியாறு, வராக நதி, சங்கராபரணி என்று பல பெயர் கொண்ட ஆறு செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையைக் கடந்து, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி எல்லைக்குள் செல்கிறது. கடலை நெருங்கும்போது அரியாங்குப்பத்தாறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் இரண்டாகப் பிரிகிறது. மலையின் பாறை தேய்ந்து மணலாகி வெள்ளத்தோடு கடல் சேர்வதும், கடல் அம்மணலைக் கரைக்குத் திருப்பிக் கொடுப்பதும் ஆதிகாலம் தொட்டு நடந்துவந்த கணக்கு. 1950-களின் கடைசியில் வீடூரில் அணை எழுந்தபின் அந்த மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. பயிருக்கு நீர் வேண்டும். அணையைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் வரவு குறைந்த கணக்கில் செலவைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்திருக்க வேண்டும். அப்படி யோசிக்காமல் 1989-ம் வருஷத்தில் அரியாங்குப்பத்தாற்று முகத்துவாரத்தில், கடலுக்குள்ளே இரண்டு கற்சுவர்களை நீட்டிப் புதுச்சேரித் துறைமுகத்தைக் கட்டினார்கள்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலை சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. போவது அதிகம், திரும்புவது குறைவு. ஆகையால் வருஷக் கணக்கில் மணல் வடக்கே யாத்திரை செய்துகொண்டே இருக்கிறது. குறுக்கே ஒரு சுவரை எழுப்பினால் தெற்கில் மணல் குவியும்; வடக்கில் கரை தேயும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய சாஸ்திர ஞானம் தேவையில்லை. 1875-ம் வருஷத்தில் தொடங்கிய சென்னைத் துறைமுக வேலை நம் கண்ணெதிரே இருக்கிறது. அதன் தெற்கே குவிந்த மணல்தான் மெரீனாவை அவ்வளவு விசாலமாக்கியது. வடக்கே ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கடல் வீடுகளை விழுங்கியது. மாலைக் காற்று வாங்கப் போகிறவர்கள் அந்த மணலில் உட்காரும்போது, அது யாருடைய வாசலிலிருந்து வந்தது என்று ஒரு கணம் நினைத்தால் தவறில்லை. நூறு வருஷத்துக்கு மேலான அனுபவம் கைவசம் இருந்தும் புதுச்சேரியில் அதே காரியத்தைச் செய்தார்கள். தெற்கில் சேரும் மணலை வாரி வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது என்பதுதான் இதில் அதிக விசனத்துக்குரிய விஷயம். ஏற்பாடு காகிதத்தில் இருந்தது; நடக்க வேண்டிய அளவில் நடக்கவில்லை.

அதன் பலனை அறிய விரும்புவோர் ஒரு நாள் மீன்பிடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும். மணற்கரையுள்ள குப்பத்தில் விடிய இரண்டு மூன்று ஜாமம் இருக்கும்போதே நாலைந்து பேர் தோள் கொடுத்துப் படகைத் தள்ளுகிறார்கள். கட்டுமரம் போய் இன்று இழைக்கண்ணாடிப் படகும் அதன் பின்னால் ஒரு சிறு என்ஜினும் வந்துவிட்டன. ஆயினும் படகு நிற்கும் இடம் வீட்டு வாசல்தான். கரையிலிருந்து சில மைல் தூரத்தில் வலையை இறக்கி, நீரோட்டத்தைப் பார்த்துக் காத்திருந்து, பொழுது ஏறுமுன் கரை திரும்புகிறார்கள். நெத்திலியோ, கவலையோ, சங்கராவோ, அதிர்ஷ்டமிருந்தால் வஞ்சிரமோ, பாடு எதுவானாலும் மணலிலே கொட்டி அங்கேயே ஏலம். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. பெண்கள் கூடையில் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டுவிடுவார்கள். விற்காதது அதே மணலில் காய்ந்து கருவாடாகும். வலை உலர்வதும் பொத்தல் தைப்பதும் அங்கேதான். ஆகவே அந்த மணல், தொழிற்சாலைக்காரனுக்குத் தொழிற்சாலை எப்படியோ அப்படி. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. அக்காலத்திலும் நமக்கு மீன் கொடுப்பவர்கள் இந்த நாட்டுப் படகுக்காரர்களே.

மணல் போன குப்பத்திலோ நிலைமை வேறு. வீட்டுக்கும் அலைக்கும் நடுவே கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கல்லின்மேல் படகை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. படகை வேறு ஊர்க் கரையிலோ துறைமுகத்திலோ விட்டுவிட்டு, வலையையும் எண்ணெயையும் தலையில் சுமந்து தரை வழியே போக வேண்டும். போகவரச் செலவு பாட்டிலிருந்துதான் கழியும். இரவிலே புயல் எழுந்தால் படகைப் பார்க்க ஓடவேண்டிய தூரமும் அதுதான். ஊரே கூடி இழுக்கும் கரைவலைத் தொழிலோ, நீண்ட மணல் இல்லாத இடத்தில் அறவே இல்லை. வயதானவர்களுக்குப் பங்கு கிடைத்துவந்த தொழில் அது.

இக்கேடு முதலில் புதுச்சேரி நகரத்துக் கடற்கரையையும், அதை அடுத்த குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் முதலிய இடங்களையும் பற்றியது. அங்கே கல் போட்டார்கள். கல் போட்ட இடத்தில் கரை நின்றது; அரிப்பு அடுத்த ஊருக்குப் போயிற்று. இவ்விதமாக அது எல்லையைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நடுக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் ஜில்லாவின் கரையோரமாக ஏறிக்கொண்டே வருகிறது. புதுச்சேரி நகரத்தில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் யோசனைப்படி கடலடியில் ஒரு தடுப்பு அமைக்கப்பட்டு, 2018-ம் வருஷத்தை ஒட்டி அங்கே மணல் திரும்பி வந்தது. உல்லாசப் பிரயாணிகள் உலாவும் கரைக்கு மணல் வந்ததில் நமக்கு வருத்தமில்லை. மீனவன் வாசலுக்கு மட்டும் ஏன் கல் என்பதுதான் விளங்கவில்லை.

சட்டம் தெரிந்தவர்கள் இதில் ஒரு வேடிக்கையைக் காண்பார்கள். அண்டையிலிருப்பவனுக்குக் கேடு செய்யாதபடி உன் சொத்தை அனுபவி என்பது எந்த முன்சீப் கோர்ட்டிலும் எடுபடும் விதி. ஒருவன் தன் வாய்க்காலைத் திருப்பி அடுத்தவன் வயலை அழித்தால் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். இங்கே சுவர் புதுச்சேரியில், நஷ்டம் தமிழ்நாட்டில். அந்தச் சர்க்கார் கரை எங்களுடையதல்ல என்று சொல்லலாம். இந்தச் சர்க்கார் சுவர் எங்களுடையதல்ல என்று சொல்லலாம். 1954-ம் வருஷத்தில் பிரெஞ்சு ஆட்சி போயிற்று. பரங்கியர் இருவர் பங்கு போட்ட எல்லை மட்டும் மீனவன் தலையில் இன்னும் கனக்கிறது. மணலுக்கு அவ்வெல்லை தெரியாது.

துறைமுகமே கூடாது என்பது நமது கட்சியன்று. விசைப்படகுகளுக்கு ஒதுங்குமிடம் வேண்டும். அலையைக் கடக்கையில் உயிர் போகாமலிருக்க அமைதியான நீர் வேண்டும். மீனவர்களே அதைக் கேட்கிறார்கள், கேட்பது நியாயம். ஆனால் கட்டிய துறைமுகமாவது சுகமாக இருக்கிறதா? தடுக்கப்பட்ட மணல் சுவரைச் சுற்றி வந்து தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் முகத்துவாரத்தையே அடைக்கிறது. தூர் வாருங்கள் என்று படகுக்காரர்கள் மீண்டும் மீண்டும் முறையிட வேண்டியிருக்கிறது. வடக்கே இருப்பவனுக்கு மணல் இல்லை. உள்ளே இருப்பவனுக்கு மணலே சத்துரு.

இந்த நிலையில் மரக்காணம் பக்கத்தில், கழுவேலி நீர்நிலை கடலோடு கலக்கும் இடத்தில், அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் என்ற இரண்டு ஊர்களிலும் இதேபோல் துறைமுகம் கட்டும் யோசனை எழுந்து, அது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கழுவேலி 2021-ம் வருஷம் டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். பறவைகளுக்காக வாதாட அன்பர்கள் இருக்கிறார்கள், அது நல்லதே. அதற்கு வடக்கேயுள்ள குப்பங்களின் மணலுக்காக வாதாடுகிறவர் யார்? அங்கே ஒரு கல் விழுமுன், எந்தப் பருவத்தில் எவ்வளவு மணல் நகர்கிறது, தடுத்ததை யார் வாரி எங்கே சேர்ப்பார்கள், அதற்கு வருஷந்தோறும் பணம் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்பவற்றை எழுத்தில் வெளியிட்டு, ஒவ்வொரு குப்பத்துப் பஞ்சாயத்திலும் தமிழில் படித்துக் காட்டவேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்தவேண்டும்.

இப்போது செய்யவேண்டிய காரியம் இதைவிட எளிது. புதுச்சேரித் துறைமுக முகத்துவாரத்தில் வாரும் மணல், வாரிய செலவோடு செலவாக, தமிழ்நாட்டுக் குப்பங்களின் கரையில் சேரவேண்டும். இரண்டு சர்க்கார்களும் மத்திய சர்க்காரும் சேர்ந்து ஒரே கமிட்டி அமைத்து, அதில் குருசுக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரையுள்ள மீனவர்களின் பிரதிநிதிகளை ஆலோசனைக்காக அல்ல, வோட்டுரிமையோடு அமர்த்தவேண்டும். அடுத்த முறை தூர்வாரும் கப்பல் வருமுன்பே, அது வாரப்போகும் மணல் எந்த ஊர்க் கரையில் கொட்டப்படும் என்பதை நாளும் இடமும் குறிப்பிட்டு இரண்டு சர்க்கார்களும் அறிவிக்கும்படி கேட்கிறோம்.