நோயாளிக்கு ஊற்றிக் கொடுக்கும் தயாளர்கள்

நம் தோட்டத்து ஜனங்களிடத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன. ஒன்று, “குடித்துக் குடித்துத்தான் அவனுக்குப் பயித்தியம் பிடித்தது” என்பது. மற்றொன்று, “பயித்தியம் முற்றினால் கொஞ்சம் ஊற்றிவிடு, அடங்கிக் கிடப்பான்” என்பது. ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இவ்விரண்டையும் ஒரே மனிதர் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். முன்னதால் நோயாளிக்கு வைத்தியம் மறுக்கப்படுகிறது. பின்னதால் செய்த வைத்தியமும் அழிந்துபோகிறது. பட்டணத்தில் வாழும் நம்மவர்கள் இதைத் தோட்டத்து மௌடீகம் என்று எண்ணிச் சிரிக்க வேண்டாம். அடுக்குமாடி வீட்டின் அடியில் பீர்ப் புட்டியுடன் உட்கார்ந்து இதே நியாயத்தைப் பேசுவோர் அங்கும் உளர்.

இங்கு நாம் எடுத்துக்கொண்டது ஸ்கிஸோப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோயாகும். இப்பெயரை 1908-ம் வருஷத்தில் இட்டவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து டாக்டர் ஆய்கன் பிளாய்லர். பிறர் செவிக்கு எட்டாத குரல்கள் நோயாளியின் செவியில் ஒலிக்கும். அயலார் தனக்குச் சதி செய்கிறார்கள் என்ற எண்ணம் அசைக்க முடியாதபடி பதிந்துவிடும். பேச்சுக் கோர்வை சிதறும். குளிப்பதும் உண்பதும்கூடப் பாரமாகும். பெரும்பாலும் பதினெட்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட, உழைக்கும் வயதில்தான் இது தலைகாட்டுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. ஆகவே, இது எங்கோ எவருக்கோ வரும் விந்தை வியாதியன்று.

குடி இந்நோய்க்கு வேர் அன்று. ஒரு சொட்டு மதுவும் தீண்டாத பெண்களுக்கும் மாணவர்களுக்கும் இது வருகிறது. நெடுநாள் குடித்தவருக்குக் குடியினாலேயே குரல்கள் கேட்பதும் உண்டு என்பது மெய்தான். ஆனால் அது பெரும்பாலும் குடியை விட்ட சில வாரங்களில் ஓய்ந்துவிடும். மனச்சிதைவு அவ்வாறு ஓயாது. இது எது, அது எது என்று பிரித்தறிவது டாக்டருடைய வேலை. லயத்து முச்சந்தியில் கூடித் தீர்ப்பளிக்கும் பஞ்சாயத்தாருடைய வேலையன்று.

1911-ல் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1937-ல் ஜொகூரில் தம்போய். சிங்கையில் உட்பிரிட்ஜ் 1928-ல் ஏற்பட்டது. அக்காலத்தில் உள்ளே போனவர் திரும்பி வருவது அரிது, ஏனெனில் கொடுப்பதற்கு மருந்து இல்லை. “உன்னை ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்” என்ற நம்மவர் வசவு அந்தக் காலத்துப் பயத்தின் எச்சம். 1952-ல் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் டிலேயும் டெனிக்கரும் குளோர்ப்ரோமஸின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் உலகமே மாறிற்று. இன்று பலருக்கு இரண்டு வாரத்திற்கோ நான்கு வாரத்திற்கோ ஒருமுறை ஓர் ஊசியே போதும். அதை அருகிலுள்ள சர்க்கார் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளலாம். வசவு மட்டும் 1911-லேயே நின்றுகொண்டிருக்கிறது!

இம்மருந்துகளில் பல மூளையைச் சற்று மந்தப்படுத்தித் தூக்கத்தைத் தருவன. மதுவும் அதே வேலையைச் செய்வது. இரண்டும் சேரும்போது மயக்கம் இரட்டிக்கிறது. நோயாளி கால் இடறி விழுகிறார், மூச்சுத் திணறும் அபாயமும் நேரிடுகிறது. “அடங்கிக் கிடக்கிறான் பார்த்தீர்களா!” என்று நம் தயாளர்கள் மெச்சுகிற அடக்கம் இதுதான். போதை தெளிந்தபின் வருவது என்ன? உறக்கம் கெடுகிறது, மனம் குன்றுகிறது, பழைய குரல்கள் பன்மடங்கு பலத்துடன் திரும்புகின்றன. குடிக்கிற நோயாளி மருந்தை மறக்கிறார். மருந்தை மறந்தவர் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். தற்கொலை அபாயமும் இவர்களிடத்தில் அதிகம். மற்றவர்களைப்போல் மிதமாகக் குடித்துக்கொண்டு வருஷக் கணக்கில் தொந்தரவின்றி இருக்கும் நோயாளிகள் மிகச் சிலரே என்பது வைத்தியர்களின் அனுபவம்.

நாம் அறிந்த ஒரு வாலிபரின் கதையைச் சொல்லுவோம். பெயரும் இடமும் வேண்டியதில்லை. நோய் கண்டபின் ஆறு மாதம் பூசாரி வீட்டுக்கும் லயத்துக்குமாக அலைந்து, கடைசியில்தான் தாயார் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி போடத் தொடங்கிய நான்காம் மாதத்தில் செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்க வந்துவிட்டார். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே பதினோரு மாதம் வேலைக்குறி ஒழுங்காக விழுந்தது. பிறகு கோயில் திருவிழா வந்தது. பந்தலுக்குப் பின்புறம் சம்சு கைமாறிக்கொண்டிருந்தது. தாயார் ஓடி வந்து, “அவனுக்குக் கொடுக்காதீங்கய்யா, டாக்டர் கண்டிஷனா சொல்லியிருக்காரு” என்று கெஞ்சினார். “ஆம்பளப் பிள்ளைய இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சா எப்படிக்கா தேறுவான்?” என்று பதில் கிடைத்தது. திருவிழா மூன்று நாள். நாலாம் நாள் ஊசித் தேதி. வாயில் நாற்றத்துடன் மிஸ்ஸி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் போகவில்லை. அடுத்த தேதிக்கு முதல் தேதியைத் தவறவிட்ட வெட்கம். மூன்றாம் மாதம் போலீஸ் வண்டி லயத்து வாசலில் நின்றது. அன்று ஊற்றிக் கொடுத்தவர்களே கூட்டத்தின் முன்வரிசையில் நின்று, “எல்லாம் அவன் தலையெழுத்து” என்றார்கள்.

தலையெழுத்தாம்! எழுதிய கை எவருடையது என்று கேட்டால் மட்டும் பிரமனைக் காட்டுவார்கள்.

“அப்படியானால் அவர்கள் ஏன் குடிக்கிறார்கள்?” என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. 1980-களில் அமெரிக்காவில் ஐந்து இடங்களில் நடத்திய பெருங் கணக்கெடுப்பின் முடிவு 1990-ல் வெளியாயிற்று. பொது ஜனங்களில் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதேனும் மதுவினால் கோளாறு ஏற்பட்டிருந்தது. மனச்சிதைவு உடையவர்களிலோ மூன்று பேரில் ஒருவருக்கு. குரலை அடக்கவும், உறங்கவும், சில மருந்துகள் உண்டாக்கும் உடல் பரபரப்பைத் தணிக்கவும் அவர்கள் குடிப்பதுண்டு. ஆனால் பெரும்பாலும் அவர்கள் குடிப்பது நீங்களும் நாமும் அறிந்த சாதாரணக் காரணத்திற்காகவே: பக்கத்தில் உட்கார ஒரு மனிதர் வேண்டும். கல்யாண வீட்டில் பந்திக்கு அழைக்காதவர்கள், காப்பிக் கடையில் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்து போகிறவர்கள், சம்சுப் புட்டி திறந்தவுடன் “வா தம்பி, உட்காரு” என்கிறார்கள். கடையைக் கூட்டி, பெட்டி சுமந்து, கால்வாய் வெட்டியதற்கு அவருக்குக் கூலி வெள்ளியாகவா கொடுபடுகிறது? அரைப் புட்டியாகக் கொடுபடுகிறது! வேலை வாங்கியவர் இதைத் தருமம் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

இதைவிட விபரீதமானது சாமியின் பெயரால் நடப்பது. குரல் கேட்கிறது என்ற பிள்ளையைச் சாமியாடியிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் படைக்கப்படுகின்றன. படைத்ததில் ஒரு பங்கு பிரசாதமாக நோயாளியின் வாயிலேயே ஊற்றப்படுகிறது. குடித்தவர் ஆடினால் சாமி இறங்கிவிட்டதாம், விழுந்தால் பேய் இறங்கிவிட்டதாம். இரண்டிலும் தட்சிணை பூசாரிக்கே. மூளையில் உண்டான நோய்க்கு மூளையைத் தாக்கும் விஷத்தை மருந்தாகக் கொடுக்கும் இந்தத் தெய்வம், அப்பிள்ளை மீண்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது ஒருநாளேனும் போய்ப் பார்த்ததுண்டா?

ஜனங்கள் இந்நோயாளிகளுக்கு அஞ்சுகிறார்கள். அவ்வச்சத்தையும் அறிவுகொண்டு சோதிப்போம். 2009-ல் இங்கிலாந்து தேசத்து ஆக்ஸ்பர்டு ஆராய்ச்சியாளர் பேஸலும் அவருடன் சேர்ந்தவர்களும், 18,000-க்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 20 ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மதுவோ வேறு போதைப் பொருளோ தொடாத நோயாளியின் வன்முறை அபாயம் பொது ஜனங்களைக் காட்டிலும் ஓரளவே அதிகம். போதை சேர்ந்தபோதுதான் அது பன்மடங்கு ஏறுகிறது. இன்னொன்றும் கண்டார்கள்: மனநோயே இல்லாமல் போதைக்கு அடிமையானவருக்கும் ஏறக்குறைய அதே அபாயம் உண்டு. இதன் பொருள் என்ன? நிதானமாக இருக்கும் நோயாளியைக் கண்டு கதவைச் சாத்துகிறோம். சம்பள நாளில் தள்ளாடிவந்து மனைவியை அடிக்கும் மண்டோருக்கோ எழுந்து நின்று “வாங்க அண்ணே” என்கிறோம்.

குடியை நிறுத்துவதிலும் நம்மவர் முரட்டுத்தனம் காட்டுகிறார்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, வலிப்புக் கண்டு, இல்லாத உருவங்களைக் கண்டு அலறி, உயிருக்கே ஆபத்து வரலாம். அதையும் பேய் என்பார்கள்! டாக்டருடைய கண்காணிப்பில்தான் இதைச் செய்ய வேண்டும். “அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்” என்று விற்கப்படும் மருந்துகளையும் நம்பலாகாது. குடியை வெறுக்கச் செய்யும் டைசல்பிரம் என்ற மாத்திரை சில வேளைகளில் மனச்சிதைவின் குறிகளையே கிளப்பிவிடக்கூடியது. தெரியாமல் தின்றவர் மேலே குடித்தால் உயிருக்கும் அபாயம்.

மதுவிலக்குப் பேசும் தோழர்களுக்கும் ஒரு சொல். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போலீஸ் தடியடியையும் சிறையையும் ஏற்றார்கள். அவர்கள் பெயரை மேடையில் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால், “குடிகாரன் கெட்டான்” என்ற பிரசங்கம் இந்நோயாளிக்குப் பயன்படாது. குரல்கள் ஏற்கெனவே அவரை “நீ கெட்டவன்” என்று இருபத்துநாலு மணி நேரமும் வைதுகொண்டிருக்கின்றன; நீங்களும் ஒலிபெருக்கி வைத்து அதையே சொல்ல வேண்டுமா? வைத்தியசாலைகளிலும் குறை உண்டு. “முதலில் குடியை விட்டு வா” என்று ஓரிடத்திலும், “முதலில் மனநோயைக் குணப்படுத்தி வா” என்று மற்றோரிடத்திலும் திருப்பியனுப்பப்பட்ட ஒரு தாயாருக்கு நாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு நோயையும் ஒரே வைத்தியர் கூட்டம் ஒருங்கே கவனிப்பதே சரியான முறை என்பது வைத்திய உலகில் பல வருஷங்களுக்கு முன்பே ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

தோட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஊசித் தேதியைச் செக்ரோலில் முன்கூட்டியே குறித்து, அன்று அரைநாள் சம்பளத்துடன் விடுவது எந்தக் கம்பெனியையும் ஓட்டாண்டியாக்கிவிடாது. இப்பொழுது அந்தக் கட்டத்தில் விழுவது ‘வரவில்லை’ என்ற குறிதான். அக்குறிக்கு அஞ்சியே ஊசியைத் தள்ளிப்போடுவோர் இருக்கிறார்கள்.

கோயில் கமிட்டியார் இவ்வருஷத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பந்தலுக்குப் பின்புறம் நடக்கும் வியாபாரத்தைப் பற்றி அவர்கள் என்ன தீர்மானம் செய்திருக்கிறார்கள்? அடுத்த வாரத்துப் பத்திரிகையில் அதைத் தெரிவிப்பார்களா?