செம்பைக் கழுவுவது யார்?

இந்தியாவில் தொழில்துறை வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் சீக்கிரமே ஒரு செம்பைச் சந்திப்பார்கள். இந்திய அரசு கேட்டுக்கொண்டதால் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் ஓர் அறிக்கை எழுதினார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட அதுவே அடிப்படை. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருட்களிலேயே சிறந்தது சாதாரணச் செம்புதான் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.

அதைப் படியுங்கள், நல்ல அறிக்கை. ஒரு பொருளைச் செய்யப் போகிறவர் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று செம்பை வைத்தே சொல்லித் தருகிறது. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், யார் கைக்கு அடங்க வேண்டும், தலையில் சுமப்பார்களா இடுப்பிலா, தரையில் வைத்தால் என்ன ஓசை வரும், வெயில் பட்டால் எப்படி மின்னும். ஊற்றும்போதும் கழுவும்போதும் தண்ணீர் எப்படிப் போகும் என்றுகூட ஒரு கேள்வி உண்டு. கழுவுவது யார் என்ற கேள்வி இல்லை. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதும் இல்லை.

பல தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கிய வடிவம் அது என்கிறார்கள். சரிதான். அதே தலைமுறைகளில்தான் நம் தாத்தா பாட்டிகள் உள்ளங்கையைக் குவித்துக் குனிந்து நிற்க, உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றப்பட்டது. அந்தக் குவிந்த கையும் செம்பின் பயன்பாட்டில் சேர்ந்ததுதானே? சில மாதம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் மீது எனக்குப் பெரிய கோபமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து அந்தக் கேள்விப் பட்டியலை வகுப்பில் பாராட்டுகிறவர்கள் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்.

பொருளை மாற்றிவிட்டால் சாதி போய்விடும் என்று நினைக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயில் எச்சில் படாது, பாத்திரமே தேவையில்லை. ஆனாலும் சிறுவன் அம்பேத்கர் பள்ளியில் குழாயைத் தொட முடியவில்லை. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். நம்மூர் டீக்கடையில் சிரட்டை போய்த் தனிக்குவளை வந்தது. இரட்டைக் குவளையை எதிர்த்துப் போராடியதும் சில இடங்களில் பேப்பர் கப் வந்தது. எல்லோருக்கும் பேப்பர் கப் என்றால் சுகாதாரம். ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ், நமக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அதற்குப் பெயர் வேறு. கப்பை மட்டும் மேசைமேல் வைத்து ஆராய்கிற மாணவருக்கு இது தெரியாது. கடையில் ஒரு மணி நேரம் நின்று, யாருக்கு எதில் டீ போகிறது என்று பார்த்தால் தெரியும்.

தூய்மைப் பணியாளர்களுக்காக ஏதாவது செய்ய விரும்பும் மாணவர்கள் நல்ல கையுறை, நல்ல முகக்கவசம் செய்யலாம் என்று கிளம்புகிறார்கள். தெருக் கூட்டுபவருக்கு அது வேண்டும்தான். செப்டிக் டேங்குக்குள் இறக்கப்படுபவருக்கும் அதையே செய்வதில்தான் ஆபத்து. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் மனிதரைக் கொண்டு சுத்தம் செய்வதைத்தான் அபாயகரமான சுத்தம் என்று வரையறுக்கிறது. அதாவது, கருவி கொடுத்துவிட்டால் இறக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது. நீங்கள் செய்யும் அழகான கையுறை அந்த வாதத்துக்குச் சாட்சியாகப் போய் நிற்கும்.

அதற்குப் பதிலாக அந்தத் தொட்டியைப் பாருங்கள். பல வீடுகளில் மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். லாரி குழாய் எட்டாத மூலை இருக்கும். வருடக்கணக்கில் அள்ளாமல் விட்டதால் அடியில் கசடு இறுகியிருக்கும், குழாய் இழுக்காது. அப்போதுதான் ஓர் ஆளைக் கூப்பிடுவார்கள். எந்த ஆளை என்று உங்களுக்குத் தெரியும். திறப்பு எங்கே இருக்க வேண்டும், அடித்தளம் எந்தப் பக்கம் சரிய வேண்டும், மேலிருந்தே கசடைக் கலக்க என்ன கருவி வேண்டும்? இவை மூன்றும் மாணவர்கள் கையில் எடுக்கக்கூடிய வடிவமைப்புச் சிக்கல்கள்தான். கடைசி வருட புராஜெக்டுக்கு இன்னொரு மேசை விளக்கு செய்ய உட்காருவதற்கு முன், உங்கள் விடுதியின் தொட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக அதைத் திறந்தது யார் என்று வார்டனிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.